கொல்லிமலைக்கு வாழவந்தவர்

நுழையும்முன்

கொண்ட கொள்கைக்காக உயிரையும் கொடுக்க முன்வந்தோரின் வரலாறு எல்லாச் சமயங்களிலும் உண்டு. தமிழகத்துக் கிறித்தவ மரபில் அத்தகையோரை மறைசாட்சி என்றும் இரத்தசாட்சி என்றும் போற்றுவர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும், 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையும் அவ்வரிசையில் முதலில் நினைவுக்கு வருவோர். அவர்களுக்கு எதிரே வாளும் துப்பாக்கியும் இருந்தன. எதிரே எவரும் ஆயுதம் ஏந்தி நில்லாத இடத்தில், நோய் மலிந்த மலையொன்றில், இறப்பை எதிர்பார்த்தே காலூன்றிய ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

கொல்லியும் வாழவந்தியும்

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்கு ஏறும் பேருந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டில் மூச்சு வாங்கும். சந்தை நாளில் பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகுமூட்டையும் அங்குக் குவிந்து கிடக்கும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், கோடையிலும் குளிர்காற்று. மலையின் உட்பகுதிகளுக்குச் செல்வோரும் மலையிலிருந்து கீழிறங்குவோரும் சந்திக்கும் ஊர் அது. அங்கே நின்று பார்ப்பவருக்கு இது மனிதரைக் கொல்லும் மலை என்று தோன்றாது.

ஆனால், பெயர் அப்படித்தான் வழங்கியது. வல்வில் ஓரி ஆண்ட இம்மலையைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். பார்ப்போரைத் தன் அழகால் மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை இங்கு உறைவதாக நம்பினர். பாவையைக் கண்டவர் உண்டோ இல்லையோ, காய்ச்சலைக் கண்டவர் பலர். அடர்ந்த காடும் தேங்கிய நீரும் கொசுவுக்கு இடம் தந்தன; கொசு மலேரியாவைத் தந்தது. சமவெளியிலிருந்து மேலேறியவர்கள் ஓரிரவு தங்கவும் அஞ்சினர். மலேரியாக் கிருமியைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில்தான். அதுவரை மலைக்காற்றே நஞ்சு என்று படித்தவரும் எண்ணியிருந்தனர்.

கொல்லிமலையின் ஊர்கள் நாடு என்னும் பிரிவுகளாக அமைந்தவை. அவற்றுள் ஒன்று வாழவந்தி நாடு. கொல்லி என்னும் பெயர்கொண்ட மலைக்குள் வாழவந்தி என்று ஒரு நாடு இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், இவ்வரலாற்றைப் படிப்பவர் அப்பெயரை எளிதில் கடந்துபோக முடியாது.

இலண்டனிலிருந்து சேந்தமங்கலத்திற்கு

எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879இல் இலண்டனில் வளமான வணிகக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். ஓவியம் பயின்றார், இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அக்காலத்து இலண்டன் சீமாட்டிகளைப்போல நல்லாடை உடுத்தி, தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை அளித்து, ஞாயிறுதோறும் ஆலயம் சென்று அமைதியாக வாழ்ந்திருக்கலாம். தம் நம்பிக்கை அவ்வளவோடு முடிந்துவிடலாகாது என்று அவருக்குத் தோன்றியது. 1911இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பழகிய அக்கை தூரிகை பிடித்த கையாகும்.

அதே மிஷனில் 1907 முதல் தமிழகத்தில் பணியாற்றி வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டடத் தொழில் அறிந்தவர். இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவத்தை ஓராண்டு கற்றவர். முழு மருத்துவர் அல்லர். பல் பிடுங்கவும் கட்டி கீறவும் கொயினா கொடுக்கவும் தெரிந்தவர். மருத்துவரே இல்லாத மலையில் அதுவே பெரிய மருத்துவம். கொல்லிமலை மக்களுக்கு எவரும் இல்லை என்பதை அறிந்த நாள் முதல் அவருடைய கண் அந்த மலைமீதே இருந்தது.

1913இல் இருவரும் சேந்தமங்கலத்தில் மணம்புரிந்தனர். மணம் முடிந்த கையோடு மலையேறினர். சாலை கிடையாது, கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப்பாதை. டோலி சுமக்கப் போதிய ஆள் இல்லை, மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் நனைந்த ஆடையோடு மலைமேல் போய்ச் சேர்ந்தார். அவர்கள் குடியேறிய மரவீட்டை ஜெஸ்ஸியே செய்திருந்தார். கறையான் ஏறாதபடி தூண்கள்மேல் உயர்த்தி அமைக்கப்பட்ட வீடு அது. பலகைகளும் தூண்களும் சமவெளியில் அறுத்துச் செதுக்கப்பட்டு ஆட்களின் தலைச்சுமையாக மேலே வந்தவை.

வந்த சில நாள்களிலேயே காய்ச்சலும் வந்தது. ஒருவர் படுக்க மற்றவர் பார்த்துக்கொள்ள, அவர் எழுந்ததும் இவர் படுத்தார். கொயினா காய்ச்சலைத் தணிக்கும், வேரறுக்காது. கீழே இறங்கிவிடுமாறு நண்பர்கள் எழுதினர். இறங்கிப் போவதில் தவறேதும் இருந்திருக்காது. அவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் இறங்கவில்லை.

பூசாரியின் மகள்

மலைவாழ் மக்கள் அவர்களை உடனே ஏற்றுக்கொண்டனர் என்று எழுதுவது பொய்யாகும். மருந்துக்கு வந்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார்கள், புதிய நம்பிக்கையைப் பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். வாழவந்திப் பகுதியின் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்தார். அவரைக் குறைகூற இயலாது. தம் முன்னோர் வழிபட்ட தெய்வங்களுக்கும் மழைக்கும் விளைச்சலுக்கும் தாமே பொறுப்பு என்று எண்ணிய ஒருவர், எங்கிருந்தோ வந்த வெள்ளையரை ஐயத்தோடு பார்ப்பது இயல்பே. அவரும் தம் கொள்கைக்காகவே நின்றார். ஆண்டுகள் ஐந்து ஆறு கடந்தும் மலைவாழ் மக்களுள் ஒருவர்கூடக் கிறித்தவராகவில்லை.

ஜெஸ்ஸி சோர்ந்து அமரவில்லை. தச்சு வேலையையும் ஓடு செங்கல் செய்வதையும் இளைஞர்களுக்குக் கற்பித்தார், பழமரங்கள் நட்டார், பள்ளிகள் தொடங்கினார். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க அவர் செய்தது தனியே சொல்லத்தக்கது. இந்நோயில், உடலுக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளரும் புழு, கால் தோலைக் கொப்புளமாக்கி வெளியே தலைநீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே எஞ்சிய பகுதி சீழ் பிடிக்கும். சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றியே வெளியே எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி பொறுமையாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே, இது எங்கிருந்து வருகிறது என்பதையும் மக்களுக்கு விளக்கினார். படிக்கிணற்றில் இறங்கி நீர் முகப்போரின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கின்றன. அந்நீரில் உள்ள நுண்ணிய நீர்த்தெள்ளு அவற்றை விழுங்குகிறது. நீரைக் குடிப்பவர் அந்தத் தெள்ளையும் சேர்த்துக் குடிக்கிறார். கிணற்றுக்குள் எவரும் கால் வைக்காதபடி சுற்றுச்சுவர் எழுப்பி, கயிறும் வாளியும் கொண்டு நீர் இறைத்தால் நோய் நின்றுவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒரு சுவரே போதும். இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்துவிட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கொல்லிமலையில் அந்த அறிவு வேலைசெய்தது.

முதல் உலகப்போர் முடிந்த வேளையில் பரவிய நச்சுக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற அந்நோய், இந்தியாவிலேதான் மிகுதியான உயிர்களை வாங்கியது. ஊர்கள் அடங்கிக் கிடந்தன. நோயுற்றோரை விட்டு உறவினரே விலகினர். ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றனர். தாமே எழ இயலாதோரின் வாயில் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினர். அந்நோய்க்கு அவர்களிடமும் மருந்து இல்லை. தம்மைத் தொற்றாது என்ற உறுதியும் இல்லை.

எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அக்காய்ச்சலில் விழுந்தனர். அவர்களுடைய குடிசைக்குள் நுழைந்தவர்கள் பிராண்ட் தம்பதியர் மட்டுமே. பூசாரி பிழைக்கவில்லை. ஆனால், இறக்குமுன் அவர் எடுத்த முடிவு அம்மலை அதுவரை கண்டிராதது. தாயின் மடியைவிட்டு இறங்காத தம் பெண் குழந்தையை அந்த வெள்ளையரிடமே ஒப்படைத்தார். தம் குழந்தை எவரிடம் வளர்ந்தால் உயிர் பிழைக்கும் என்பதைப் படுக்கையில் கிடந்தபடி அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எவலின் அக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டுத் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தார். அதன்பின் மக்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். ஆண்டுக்கணக்கில் ஆற்றிய உரைகளால் நிகழாத ஒன்று, நோயாளியின் படுக்கையருகே நின்றதால் நிகழ்ந்தது.

விலை கொடுத்தவர்கள்

எவலினுக்கு 1914இல் பால் என்னும் மகனும் சில ஆண்டுகள் கழித்துக் கானி என்னும் மகளும் பிறந்திருந்தனர். மலையே அப்பிள்ளைகளின் பள்ளி. மரத்தின்மேல் ஏறி அமர்ந்து கணக்குப் போட்ட சிறுவன் பால், தொழுநோயால் விரல்கள் இழந்த மூவர் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்ததையும், தந்தை கையுறை அணிந்து அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டியதையும், அவர்கள் அமர்ந்த இடத்திற்குப் போகவேண்டாம் என்று தம்மைத் தடுத்ததையும் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1923இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. மலைக்குத் திரும்பும்போது பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இலண்டனில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பாலுக்கு ஒன்பது வயது. கானிக்கு அதைவிடக் குறைவு. வாரந்தோறும் கடல் கடந்து கடிதங்கள் சென்றன. தந்தையின் கடிதங்களில் மலையின் பூச்சிகள், பறவைகள், மரங்கள், புதிதாகக் கட்டிய சுவர்கள் எல்லாம் இடம்பெற்றன.

இவ்விடத்தில் படிப்பவர் நின்று சிந்திப்பது நல்லது. தம் உயிரைப் பணயமாக வைப்பது ஒன்று. பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தையும் அதனோடு சேர்த்து வைப்பது வேறொன்று. எவலின் அப்பிரிவைத் துயரமின்றித் தாங்கவில்லை. தம்முள் ஏதோ ஒன்று அன்று இறந்துவிட்டதாகவே உணர்ந்தார். கொள்கைப் பற்றின் விலையைச் சில வேளைகளில் கொள்கையைத் தேர்ந்தெடுக்காதவர்களும் கொடுக்க நேர்கிறது. அது சரியா தவறா என்பதை இப்பாடம் முடிவுசெய்ய முடியாது.

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெஸ்ஸியைக் கருநீர்க் காய்ச்சல் பற்றியது. பலமுறை மலேரியாவுக்கு ஆளாகி, விட்டுவிட்டுக் கொயினா உட்கொண்டோரைத் தாக்கும் கொடிய நிலை அது. குருதியின் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து சிறுநீர் கறுத்துவிடும், சிறுநீரகம் செயலிழக்கும். ஜூன் 15ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் ஜெஸ்ஸி மலையிலேயே உயிர்நீத்தார். மழைக்காலத்து வாழவந்தி மண்ணில் அவரைப் புதைத்தனர்.

தந்தியில் செய்தி இலண்டனை அடைந்தது. ஆனால், கப்பலில் வந்துகொண்டிருந்த அவருடைய கடிதங்கள் அதன்பின்னும் ஒவ்வொரு வாரமாக வந்து சேர்ந்தன. இறந்துவிட்ட தந்தை, மலைச்சரிவில் தாம் நடந்த காலைப்பொழுதையும் தாம் கண்ட மரங்களையும் பற்றி மகனுக்கு எழுதியிருந்தார். பதினைந்தாம் வயதை எட்டும் சிறுவன் பால் அவற்றைப் பிரித்துப் படித்தான். ஆறாண்டுகளாக அவன் தந்தையைக் கண்டதில்லை.

எவலின் இங்கிலாந்து சென்றபோது பிள்ளைகளுக்கு அவரை அடையாளம் காண்பதே அரிதாயிற்று. நிமிர்ந்த தோற்றமும் அழகும் கொண்ட தாய் போய், கூனிச் சுருங்கிய முதியவராய் வந்து நின்றார். அவருக்கு அப்போது ஐம்பதுதான். இனி அவர் அங்கேயே தங்கிவிடுவார் என்று குடும்பத்தார் எண்ணியிருக்கலாம். கணவரைக் கொன்ற மலைக்கே அவர் திரும்பினார்.

ஓய்வு பெற்றபின்

கொல்லிமலையைப் போலவே பச்சைமலை, கல்வராயன்மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களில் பணிசெய்ய வேண்டும் என்பது ஜெஸ்ஸியும் எவலினும் சேர்ந்து கண்ட கனவு. அதை நிறைவேற்றாமல் இறப்பதில்லை என்று எவலின் உறுதி பூண்டார். மிஷனோ அவரைச் சமவெளிக்கு மாற்றியது. மலைக்கு வேறு ஊழியரை அனுப்பியது. எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறச் சொன்னது. நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. தனியொரு முதியவர் காட்டுக்குள் விழுந்து கிடந்தால் யார் பொறுப்பேற்பது? எவலின் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றதும், இனித் தம்மை எவரும் தடுக்க இயலாது என்பதால், கல்வராயன்மலைக்கு ஏறினார். மிஷனின் ஊதியம் இல்லை. சொந்தமாக ஒரு சிறு குடிலும், மட்டக்குதிரையும், மருந்துப் பெட்டியும் இருந்தன.

அதே காலத்தில் மகன் பால் தந்தையைப்போலக் கட்டடத் தொழில் கற்று, பிறகு மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். குருதியையும் சீழையும் சிறுவயதில் கண்டு அருவருத்து, மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் உதிர்வதில்லை, வலி உணராமையால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்பதைக் கண்டறிந்தார். முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் விரியச் செய்தார். உலக மருத்துவம் அவரை அறியும். வாசலில் அமர்ந்திருந்த அந்த மூவரை அறிந்தது கொல்லிமலை மட்டுமே.

எழுபத்தைந்து வயதளவில் எவலின் மலையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆள்கள் கட்டிலில் சுமந்து கீழே இறக்கினர். பால் நேரில் சென்று மன்றாடினார். எலும்பு முறிவுகள், காய்ச்சல்கள், நோய்த்தொற்றுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். இனித் தனியே மலையில் இருப்பது சரியன்று என்றார். தம் உடலைப் பாதுகாத்து வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்பதே தாயின் எதிர்வாதம். தாம் போய்விட்டால் இம்மலைகளில் நோயாளரைக் கவனிக்க வேறு யார் உள்ளனர் என்றும் கேட்டார். மருத்துவ மகனிடம் அதற்கு விடை இல்லை. எவலின் மீண்டும் மலையேறினார்.

அதன்பின் இரு கைகளிலும் மூங்கில்கழி ஊன்றி நடந்தார். நடக்க இயலாத தொலைவுக்குக் குதிரையேறினார், விழுந்தார், மீண்டும் ஏறினார். குதிரையிலும் அமர முடியாத தொண்ணூறைக் கடந்த வயதில், மலைவாழ் இளைஞர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். மலேரியாவை ஒடுக்க இந்திய அரசு 1953இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கிப் பூச்சிமருந்து தெளித்தபின் மலைக்காய்ச்சலின் கொடுமை பெரிதும் தணிந்தது. ஆனால், காய்ச்சல் கொடியதாய் இருந்த காலத்திலும் தணிந்த காலத்திலும் அவர் செய்தது ஒன்றுதான்.

வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவருடைய குடிலில் கண்ணாடி இல்லை. முகம் பார்க்க வேண்டாம் என்று அவரே ஒதுக்கிவிட்டார். பால் பின்னாளில் தாயைப் பற்றி எழுதியபோது, சுருக்கங்கள் ஆழப் பதிந்த அம்முகத்தையே தாம் கண்டவற்றுள் மிக அழகியது எனக் கருதினார். ஒருகாலத்தில் நிறங்களைக் குழைத்து அழகைத் தேடிய ஓவியர் அவர் என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் எவலின் அம்மையார் இயற்கை எய்தினார். உயிர் போகக்கூடும் என்று எண்ணி 1913இல் மலையேறியவர் அறுபத்தோர் ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். அவற்றுள் நாற்பத்தைந்து ஆண்டுகள் கணவர் இன்றி. பெட்டியில் வைத்துப் புதைக்க வேண்டாம். உடல் விரைவில் மண்ணோடு கலக்கவேண்டும் என்று முன்னரே சொல்லிவைத்திருந்தார். அவ்வாறே மலைவாழ் மக்கள் வெறும் பருத்தித் துணியில் அவரைச் சுற்றி எடுத்துச் சென்று, வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறைக்கருகே அடக்கம் செய்தனர்.